க்ரீமும் பவுடரும் ஒரே 1 சதவீதம்தான், ஆனால் ஒரே மருந்தல்ல

கால் விரலிடுக்கில் வந்த சேற்றுப்புண்ணுக்கு மருத்துவர் பூஞ்சைக்கான மருந்தான க்ளோட்ரிமசோல் 1 சதவீதம் உள்ள க்ரீம் எழுதித் தந்திருக்கிறார். அது பிசுபிசுக்கிறது, பூசியபின் விரலிடுக்கு நாள் முழுக்க நசநசவென்று இருக்கிறது என்கிறீர்கள். அதே மருந்து அதே 1 சதவீதத்தில் பவுடராகவும் கிடைப்பதைப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். க்ரீமை விட்டுவிட்டுப் பவுடரை மட்டும் போட்டால் போதாதா? இரண்டையும் உள்ளங்கையில் குழைத்துப் பூசினால் பிசுபிசுப்பும் போய், மருந்தும் இரட்டிப்பாகாதா? போன வருடம் வாங்கி மீந்த ட்யூபில் வாய்ப்பக்கம் எண்ணெய் கசிகிறதே, அதைப் பிசைந்து பூசலாமா? மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன். அட்டையில் போட்டிருக்கும் அந்த 1 சதவீதம் மட்டும்தான் மருந்தா, அதைச் சுமந்து வரும் மீதி 99 பங்குக்கும் வேலை இருக்கிறதா?

நான் மருந்தாக்கம் படித்து, க்ரீம், ஆயின்ட்மென்ட், பவுடர் தயாரிக்கும் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தவன். மருந்து எப்படிச் செய்யப்படுகிறது, எப்படிக் கெடுகிறது, தோலுக்குள் எப்படிப் போகிறது என்பதைப் பற்றி நம்பிக்கையோடு பேச முடியும். நோயைக் கண்டறிவது என் வேலை இல்லை, உங்கள் காலை நான் பார்க்கவும் இல்லை. விரலிடுக்கில் தோல் வெளுத்து உரிந்தாலே பூஞ்சை என்று சொல்லிவிட முடியாது. பாக்டீரியா, ஒவ்வாமை, சொரியாசிஸ் எல்லாமே அங்கே கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். அந்தப் பகுதியை உங்கள் மருத்துவரிடம் விட்டுவிடுகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பவுடர் க்ரீமுக்கு மாற்று இல்லை, இரண்டையும் குழைக்க வேண்டாம், அந்தப் பழைய ட்யூப் இனி வேண்டாம். ஏன் என்பதுதான் நீளமான கதை.

தோலின் மேலடுக்கிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் அது ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஒன்றிரண்டு பங்கு கனம்தான். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் தடிப்பாக இருக்கும். இறந்து தட்டையான செல்கள் பதினைந்து இருபது அடுக்காக, செங்கல் சுவர் போல அடுக்கியிருக்கும். செங்கற்களுக்கு நடுவே பூசிய சாந்து போல செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலங்கள் என்ற கொழுப்புப் பொருள்கள் நிரம்பியிருக்கும். உடம்பின் நீர் வெளியேறாமலும் வெளியில் உள்ளது உள்ளே வராமலும் காப்பது இந்த மெல்லிய சுவர்தான். மருந்து மூலக்கூறு இதைக் கடக்க வேண்டுமானால் பெரும்பாலும் அந்தச் சாந்து வழியாகத்தான் போக வேண்டும். அதனால் கொழுப்பில் ஓரளவு கரையக்கூடியதாகவும் சிறியதாகவும் இருக்க வேண்டும். மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு மேல் போனால் முழுத் தோலைக் கடப்பது கடினம் என்பது துறையில் வழங்கும் ஒரு கணக்கு. க்ளோட்ரிமசோலின் எடை சுமார் 345, ஆகவே அளவில் சிக்கல் இல்லை. இங்கே உங்களுக்குச் சாதகமான இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தப் பூஞ்சை குடியிருப்பதே அந்த மேலடுக்கில்தான். மருந்து தோலைத் தாண்டி இரத்தத்துக்குப் போக வேண்டியதில்லை, சுவருக்குள் ஊறி நின்றால் போதும். ஆனால் ஊற வேண்டும். மேலே தூசி போலக் கிடந்தால் பயனில்லை.

ஊறுவதற்கு முதல் நிபந்தனை, மருந்து கரைந்திருக்க வேண்டும். திடத்துகளாக இருக்கும் மருந்து தோலுக்குள் போகாது. கரைந்த மூலக்கூறுதான் போகும். அடுத்து, எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைவிட, தன்னைக் கரைத்து வைத்திருக்கும் பொருளை விட்டு வெளியேற அது எவ்வளவு முனைப்பாக இருக்கிறது என்பதுதான் முக்கியம். வெப்பம் பெரிய பாத்திரத்திலிருந்து சின்னப் பாத்திரத்துக்குப் போவதில்லை, சூடான பாத்திரத்திலிருந்து ஆறிய பாத்திரத்துக்குத்தான் போகிறது. மருந்தும் அப்படித்தான். ஒரு ஊடகத்தில் 1 சதவீதம் சுலபமாகக் கரைந்து, இன்னும் நிறைய கரைய இடமும் இருந்தால், மருந்து அங்கேயே நிம்மதியாக இருந்துவிடும். அதே 1 சதவீதம் இன்னொரு ஊடகத்தில் கரைதிறனின் விளிம்பில் நின்றால், தோலைத் தொட்டதும் அதற்குள் போகப் பார்க்கும். 1960-களின் தொடக்கத்திலேயே டகேரு ஹிகுச்சி என்ற மருந்தாக்க அறிஞர் இதைக் கணக்காக எழுதிக் காட்டிவிட்டார். அட்டையில் இருக்கும் சதவீதம், ட்யூபுக்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று சொல்லும். தோலுக்குள் எவ்வளவு போகும் என்று சொல்லாது.

இதற்குப் பாடம் நடத்தும்போது நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஸ்டீராய்டு மருந்துகள். அவற்றில் வீரியத்தைக் கண்ணால் பார்க்கலாம். தோலில் பூசினால் அந்த இடத்து நுண் இரத்தக்குழாய்கள் சுருங்கித் தோல் வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறது என்பதை வைத்து வீரியத்தை மதிப்பிடும் முறையை 1962-ல் மெக்கன்சியும் ஸ்டஃப்டனும் கொண்டுவந்தார்கள். பீட்டாமெத்தசோன் டைப்ரோப்பியோனேட் என்ற ஸ்டீராய்டு எல்லா வடிவத்திலும் 0.05 சதவீதம்தான். ஆனால் ப்ரோப்பிலீன் க்ளைக்கால் என்ற கரைப்பான் சேர்த்து வீரியம் கூட்டிய ஆயின்ட்மென்டில் அது மிக வீரியமான முதல் வகுப்பில் வருகிறது. சாதாரண க்ரீமில் அதற்குக் கீழே இறங்குகிறது, லோஷனில் இன்னும் கீழே. மருந்து மாறவில்லை, அளவும் மாறவில்லை. சுமந்து வந்தது மாறியது, அவ்வளவுதான். அதனால்தான் "பேஸ்" என்று நாங்கள் சொல்லும் அந்த 99 பங்கை வெறும் நிரப்புப் பொருள் என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்பாது. அது பாதி மருந்து.

சரி, வடிவங்களுக்கு வருவோம். ஆயின்ட்மென்ட் என்பது பெரும்பாலும் தண்ணீரே இல்லாத கொழுப்புப் பொருள். வெள்ளை சாஃப்ட் பாரஃபின்தான் அதன் பழைய அடித்தளம். செஸ்ப்ரோ 1872-ல் காப்புரிமை வாங்கிய வாஸலினும் இதே பொருள்தான். தோலின் மேல் ஒரு மூடி போல உட்கார்ந்து, உள்ளிருந்து ஆவியாகும் நீரைத் தடுக்கும். அந்த நீர் மேலடுக்கிலேயே தங்கி அதை ஊறவைப்பதால் மருந்து சுலபமாக உள்ளே போகும். வறண்டு வெடித்து, செதில் செதிலாக இருக்கும் தோலுக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால் விரலிடுக்கு ஏற்கெனவே ஊறிப்போன இடம். அங்கே மூடி போட்டால் இன்னும் ஊறும். உங்களுக்கு ஆயின்ட்மென்ட் எழுதாமல் க்ரீம் எழுதியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். க்ரீம் என்பது எண்ணெயும் நீரும் கலந்த குழம்பு. பெரும்பாலான மருந்து க்ரீம்களில் நீருக்குள் எண்ணெய் நுண்துளிகளாக மிதக்கும். தடவிய சில நிமிடங்களில் நீர் ஆவியாகிவிடும். அதாவது நீங்கள் ட்யூபிலிருந்து எடுத்தது ஒன்று, தோலில் மிஞ்சுவது வேறொன்று. நீர் போகப் போக மிச்சமிருக்கும் மெல்லிய படலத்தில் மருந்தின் செறிவு ஏறும். கரைதிறனின் விளிம்பையும் தொடும். நல்ல க்ரீமை வடிவமைப்பவர் ட்யூபில் இருப்பதை மட்டும் பார்ப்பதில்லை, தேய்த்த பத்தாவது நிமிடத்தில் தோலில் என்ன இருக்கும் என்பதையும் பார்ப்பார். க்ரீம் நாள் முழுக்கப் பிசுபிசுக்கிறது என்றால் பெரும்பாலும் தேவைக்கு மேல் போடுகிறீர்கள் என்று அர்த்தம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

லோஷன் அதே குடும்பத்தில் இன்னும் நீர்த்தது, முடி உள்ள இடத்துக்கு ஏற்றது. கேலமைன் லோஷன் போன்றவற்றில் திடத்துகள்கள் நீரில் மிதக்கின்றன. குலுக்காமல் ஊற்றினால் மேல்நீர் மட்டும்தான் கிடைக்கும். ஜெல்லில் கொழுப்பு மிகக் குறைவு, ஆகவே பிசுபிசுப்பும் குறைவு. ஆனால் பல ஜெல்களில் ஆல்கஹால் இருக்கும், வெடித்த தோலில் எரியும். பேஸ்ட் என்பது ஆயின்ட்மென்டில் பெரும் பங்கு பவுடரைக் குழைத்துச் செய்வது. லாஸர் பேஸ்டில் துத்தநாக ஆக்ஸைடும் ஸ்டார்ச்சும் சேர்ந்து கிட்டத்தட்டப் பாதி எடை. அப்படியானால் பவுடரைக் குழைப்பது மருந்தாக்கத்தில் உள்ளதுதானே என்று நீங்கள் கேட்கலாம். உள்ளதுதான். ஆனால் எப்படிக் குழைக்கிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. முதலில் பவுடரைச் சலித்து, கொஞ்சம் திரவப் பாரஃபின் விட்டு, கண்ணாடிப் பலகையில் ஸ்பேட்டுலாவால் கட்டி இல்லாமல் அரைத்து, பிறகுதான் மீதி அடித்தளத்தைச் சிறிது சிறிதாகச் சேர்ப்போம். பெரிய அளவில் என்றால் மூன்று உருளை ஆலை வழியாக விடுவோம். உள்ளங்கையில் இது நடக்காது.

இப்போது பவுடர். எளிமையான பொருள் என்று எல்லோரும் நினைப்பார்கள். என் அனுபவத்தில் க்ரீமைவிடப் பவுடர்தான் அதிகம் தூக்கம் கெடுத்திருக்கிறது. பூசும் பவுடரில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை உண்டு. டால்க் என்ற கனிமத் தூள் வழவழப்புத் தரும், தோலும் தோலும் உரசுவதைக் குறைக்கும். ஆனால் அது நீரை உறிஞ்சுவதில்லை. பலர் நம்புவது இதற்கு நேர்மாறாக. நீரை உறிஞ்சுவது ஸ்டார்ச்சும் கயோலின் என்ற வெண்களிமண்ணும். துத்தநாக ஆக்ஸைடு தோலை லேசாகச் சுருக்கி இறுக்கும், ஆற்றும். மெக்னீசியம் ஸ்டியரேட் தோலில் ஒட்டவைக்கும். துத்தநாக ஆக்ஸைடு ஒரு பங்கு, ஸ்டார்ச் ஒரு பங்கு, டால்க் இரண்டு பங்கு என்ற பழைய கலவை ஒன்று உண்டு. அதை நினைத்துப் பார்த்தாலே யார் எதற்கு என்று புரிந்துவிடும். பூஞ்சைப் பவுடரில் இந்தக் கூட்டத்துக்கு நடுவே நூற்றில் ஒரு பங்காக க்ளோட்ரிமசோல் உலர்ந்த துகளாக இருக்கிறது. முன்னே சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள்: கரைந்தால்தான் உள்ளே போகும். க்ளோட்ரிமசோல் நீரில் கிட்டத்தட்டக் கரையாத பொருள். விரலிடுக்கின் வியர்வையும் தோலின் மேலிருக்கும் கொழுப்புப் படலமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தருவதுதான் மருந்து. அதற்குள் பாதிப் பவுடர் காலுறையில் உதிர்ந்துவிடும். ஆகவே இருக்கும் தொற்றை ஆற்றுவதில் க்ரீமுக்குச் சமமாகப் பவுடரை என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஈரத்தைக் குறைப்பதிலும், ஆறிய பிறகு திரும்ப வராமல் தடுப்பதிலும், காலணிக்குள்ளும் காலுறைக்குள்ளும் தூவுவதிலும் பவுடர் நன்றாக வேலை செய்யும். அது துணை, க்ரீமின் இடத்தில் உட்காரக்கூடியது இல்லை.

பவுடர் ஏன் தூக்கம் கெடுக்கும் என்றேன். நூறு பங்கில் ஒரு பங்கைச் சீராகப் பரப்புவது அவ்வளவு லேசான வேலை இல்லை. மருந்தையும் அதே அளவு டால்க்கையும் முதலில் கலந்து, பிறகு அந்தக் கலவைக்குச் சம அளவு டால்க், மறுபடி அதற்குச் சம அளவு என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். ஒரே மூச்சில் கொட்டிக் கலக்கினால் சீராக வராது. ஒருமுறை எங்கள் பிரிவில் ஒரு பேட்ச் கலவைப் பாத்திரத்தில் எடுத்த எல்லா மாதிரியிலும் சரியாக இருந்தது. டப்பாக்களில் நிரப்பிய பிறகு எடுத்துப் பார்த்தால் முதல் டப்பாக்களில் மருந்து குறைவு, கடைசி டப்பாக்களில் அதிகம். நிரப்பும் இயந்திரத்தின் அதிர்வில் துகள்கள் அளவு வாரியாகப் பிரிந்திருக்கின்றன. மருந்துத் துகள் டால்க்கைவிடப் பருமனாக இருந்தது காரணம். அந்த பேட்சை முழுக்கக் கழித்துவிட்டு, மருந்தை இன்னும் நுண்மையாக அரைத்து வாங்கிய பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது. கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளைத் தூள். அதுதான் பவுடரில் உள்ள ஆபத்து.

அந்த ஆபத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் துறையில் யாரும் மறக்காத ஒரு சம்பவம் உண்டு. 1972-ல் பிரான்சில் குழந்தைகளுக்கான டால்க் பவுடர் ஒன்றில் ஹெக்ஸாக்ளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாகச் சுமார் 6 சதவீதம் கலந்துவிட்டது. 36 குழந்தைகள் இறந்தார்கள். பவுடர் மேலோடு நின்றுவிடும், உடம்புக்குள் போகாது என்ற நினைப்பை அது உடைத்தது. டயப்பருக்குள் ஈரமாக, மூடியபடி, புண்ணாகவும் இருக்கும் தோல் சாதாரணத் தோல் அல்ல. இடத்துக்கு இடம் தோல் மருந்தை உள்ளே விடும் அளவும் வேறு. 1967-ல் ஃபெல்ட்மனும் மைபாக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை வைத்து அளந்ததில், முன்கையை 1 என்று வைத்தால் உள்ளங்கால் 0.14, நெற்றி 6, விதைப்பை 42. காலுக்குப் பூசும் மருந்தை அப்படியே தொடையிடுக்கிலோ முகத்திலோ பூசக்கூடாது என்று சொல்வது இதனால்தான். குறிப்பாக ஸ்டீராய்டு கலந்தது என்றால்.

குழைப்பது பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிராம் க்ரீமில் 10 மில்லிகிராம் மருந்து, ஒரு கிராம் பவுடரிலும் 10 மில்லிகிராம். இரண்டையும் சேர்த்தால் இரண்டு கிராமில் 20 மில்லிகிராம். மறுபடியும் அதே 1 சதவீதம்தான், இரட்டிப்பாகவில்லை. ஆனால் வேறு பல விஷயங்கள் மாறிவிடும். ஸ்டார்ச் க்ரீமிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். குழம்பின் சமநிலை குலைந்து கட்டி கட்டியாகத் திரளும். அந்தக் கட்டிகள் உரிந்திருக்கும் தோலில் உரசும். பவுடர் நுண்துகள்களின் மொத்தப் பரப்பு மிகப் பெரியது. க்ரீமில் கரைந்திருந்த மருந்தும், அதைக் கெடாமல் காக்கும் பாதுகாப்புப் பொருளும் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளலாம். எவ்வளவு ஒட்டும் என்பது உங்கள் பவுடரில் என்னென்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது, அதை ஆய்வுக்கூடத்தில் அளக்காமல் சொல்ல முடியாது. குழைத்த கலவை வேலையே செய்யாது என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு பொருளாக அதை மாற்றிவிடுகிறீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதைவிடத் திட்டவட்டமாகச் சொல்லக்கூடிய கலப்புகளும் உண்டு. க்ளோட்ரிமசோல் அமிலத்தில் உடையும் பொருள். தோல் உரிக்கும் சாலிசிலிக் அமில ஆயின்ட்மென்டோடு அதைச் சேர்த்துக் குழைத்து வைத்தால் நாளுக்கு நாள் மருந்து குறையும். முகப்பருவுக்கு வரும் பென்சாயில் பெராக்ஸைடோடு இன்னொரு முகப்பரு மருந்தான ட்ரெட்டினாயினைக் குழைத்தால் ட்ரெட்டினாயின் சிதையும். பீட்டாமெத்தசோன் வாலரேட் க்ரீம் வீரியமாக இருக்கிறது என்று வேறு க்ரீமில் கலந்து நீர்க்க வைக்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. கலக்கும் க்ரீம் காரத்தன்மை உள்ளதாக இருந்தால் மூலக்கூறுக்குள்ளேயே வாலரேட் என்ற அந்தப் பகுதி 17-ம் இடத்திலிருந்து 21-ம் இடத்துக்கு நகர்ந்து, வீரியம் வெகுவாகக் குறைந்துவிடும். பார்ப்பதற்கு, முகர்வதற்கு, தொடுவதற்கு எதுவும் மாறியிருக்காது. இதோடு இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். அரிப்பு சீக்கிரம் அடங்குகிறதே என்று ஸ்டீராய்டு கலந்த க்ரீமைப் பூஞ்சைமேல் நீங்களாகப் பூசாதீர்கள். சிவப்பும் அரிப்பும் அடங்கும், பூஞ்சை பரவும். பிறகு அதைப் பார்த்தவுடன் பூஞ்சை என்று அடையாளம் காண்பதே மருத்துவருக்குக் கடினமாகிவிடும்.

அப்படியானால் பிசுபிசுப்புக்கு என்ன வழி? காலைக் கழுவியபின் ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித்தனியாக ஒற்றித் துடையுங்கள். ஈரத்தின் மேல் க்ரீம் பூசினால்தான் அதிகம் நசநசக்கும். அளவையும் குறையுங்கள். ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் வருவது சுமார் அரை கிராம், விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அதுவே போதும். விரலிடுக்குகளுக்கு அதில் சின்னப் பங்குதான் வேண்டும். மெல்லியதாகத் தேய்த்தபின் பத்து நிமிடம் திறந்து விடுங்கள், நீர் ஆவியாகட்டும். அப்புறம் பவுடரைக் காலுறைக்குள்ளும் காலணிக்குள்ளும் தூவிக்கொள்ளுங்கள், க்ரீம் பூசிய ஈரத்தின் மேல் நேராகக் கொட்டாதீர்கள். இரவில் க்ரீம் மட்டும் போதும். இப்படிச் செய்தும் ஒத்துவரவில்லை என்றால் ஜெல்லாகவோ கரைசலாகவோ மாற்றித் தர மருத்துவரிடம் கேளுங்கள், அது நியாயமான கோரிக்கை. பிடிக்காத ஊடகத்தை யாரும் ஒழுங்காகப் பூசுவதில்லை, பூசாத மருந்து ஆற்றுவதும் இல்லை. தோல் வெடித்து இரத்தம் கசிந்தால் எந்தப் பவுடரும் வேண்டாம். திறந்த புண்ணில் டால்க் தங்கி, திசு அதைச் சுற்றிக் கட்டியாக வளர்வது தெரிந்த விஷயம். அறுவைசிகிச்சைக் கையுறைகளில் ஸ்டார்ச் தூவும் வழக்கத்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் தடை செய்ததற்கு இதே போன்ற திசுக் கட்டிகளும் ஒரு காரணம்.

பவுடர் பற்றி அடிக்கடி கேட்கும் இரண்டு விஷயங்களில் நான் அவ்வளவு உறுதியாகப் பேசமாட்டேன். ஸ்டார்ச் பூஞ்சைக்கு உணவாகும், ஆகவே ஸ்டார்ச் உள்ள பவுடரே கூடாது என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் கேண்டிடா பூஞ்சையை மனிதத் தோலில் வைத்துப் பார்த்த ஆய்வில் மக்காச்சோள ஸ்டார்ச் அதன் வளர்ச்சியைக் கூட்டவில்லை. சேற்றுப்புண் உண்டாக்கும் பூஞ்சை வேறு இனம், ஆகவே அந்த முடிவை அப்படியே இதற்கு நீட்டவும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. இரண்டாவது டால்க்கும் புற்றுநோயும். ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் சந்தேகமே இல்லை, டால்க்கும் ஆஸ்பெஸ்டாஸும் பூமிக்குள் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கக்கூடியவை என்பதும் உண்மை. ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத டால்க் பற்றிய சான்றுகள் அவ்வளவு தெளிவாக இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-ல் டால்க்கை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற 2ஏ பிரிவில் வைத்தது. அது ஆதாரத்தின் வலிமையைச் சொல்லும் பிரிவு, ஆபத்தின் அளவைச் சொல்வது அல்ல. காலுறைக்குள் கொஞ்சம் தூவுவதற்கு நான் பயப்படமாட்டேன். பிறப்புறுப்புப் பகுதியிலும், மூச்சோடு உள்ளே போகும்படி குழந்தையின் முகத்துக்கு அருகிலும் தூவ வேண்டாம் என்பேன்.

கடைசியாக அந்தப் பழைய ட்யூப். க்ரீமில் எண்ணெய்த் துளிகள் சில மைக்ரோமீட்டர் அளவுக்கு உடைக்கப்பட்டு, ஒன்றோடொன்று சேராதபடி குழம்பாக்கியால் போர்த்தப்பட்டிருக்கும். துளி இருமடங்கு பெரிதானால் அது மேலே எழும் வேகம் நான்கு மடங்காகும். துளிகள் மேலே திரண்டு, ஆனால் போர்வை கலையாமல் இருந்தால் மறுபடி கலந்துவிடலாம். பால் ஏடு கலப்பது மாதிரி. போர்வையே கிழிந்து துளிகள் ஒன்றாகி எண்ணெயாகக் கசிந்தால் அது உடைந்த குழம்பு, எவ்வளவு பிசைந்தாலும் திரும்பச் சேராது. உங்கள் ட்யூப் வெயிலிலோ சூடான இடத்திலோ கிடந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். உடைந்த க்ரீமில் க்ளோட்ரிமசோல் எண்ணெய்ப் பக்கம் போய்விடும். முதலில் பிதுங்கும் எண்ணெயில் அதிகமும் பின்னால் வரும் நீரில் மிகக் குறைவாகவும் இருக்கும். கிருமி வளர்வது நீரில். அங்கே இருக்க வேண்டிய பாரபென் போன்ற பாதுகாப்புப் பொருளிலும் ஒரு பங்கு எண்ணெயோடு போயிருக்கும். வெறும் பாரஃபின் ஆயின்ட்மென்டில் வாய்ப்பக்கம் கொஞ்சம் எண்ணெய் கசிவது வேறு, அதில் நீர் இல்லாததால் நான் பெரிதாகக் கவலைப்படமாட்டேன். உங்களுடையது க்ரீம். காலாவதித் தேதி இன்னும் இருந்தாலும் அந்தத் தேதி ஒழுங்காக வைத்திருந்த ட்யூபுக்குப் போட்டது. அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், திறந்த அன்றைய தேதியை ட்யூபின் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள்.